தூங்கி எழுந்து அழுதுக்கலாம்

துக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பலாமா, கூடாதா? இந்தக் கேள்வி எனக்குள் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்னும் பதில் தெரியவில்லை. சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கேட்டால், விளக்கு வைக்கும் வேளையில் யாரும் படுத்திருக்கக் கூடாது, எழுப்பத்தான் வேண்டும் என்கிறார்கள். டாக்டரைக் கேட்டால், தூக்கத்தைப் போல மருந்தில்லை, எழுப்பாதீர்கள் என்கிறார். என் புருஷரைக் கேட்டால், "கவலைப்பட வேற ஒண்ணும் ஆப்படலைன்னா, அடுத்தவா தூங்கறதைப் பத்திக் கவலைப்படுவே நீ" என்கிறார்.

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் இப்போது இது அடுத்தவர் விஷயமாக இல்லை. என் பெண்ணின் விஷயமாகிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் பின்கட்டு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்கத்தாவில், பவானிபூரில், ஒரு வங்காளி வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். நடுவில் முற்றம், அதில் ஒரு குழாய். முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் மாமியும் மாமாவும். மாடியில் வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் தீதி என்போம், அக்கா என்று அர்த்தம். மாமியை நான் மாமி என்றேன், தீதி மாயி என்றாள், மாமா "இந்தா" என்றார். மாமியின் பேரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

நான் கல்கத்தாவுக்கு வந்த மறுநாள் இவர் ஆபீசுக்குப் போய்விட்டார். சமையலை முடித்துச் சாப்பிட்டு, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். தண்ணீர் நிரம்பி வழிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது மாமி வந்து குழாயை மூடியபோதுதான் எனக்கே தெரிந்தது. ஏன் அழுகிறாய் என்று மாமி கேட்கவில்லை.

"சாப்டாச்சா?"

"ஆச்சு, மாமி."

"அப்போ வா, படு. தூங்கி எழுந்து அழுதுக்கலாம். அழுகை எங்கே ஓடிப் போறது?"

கையைப் பிடித்துப் பின்கட்டுக்குள் அழைத்துப் போனாள். இந்த ஊர் வீடுகளில் தரை சிவப்பாக மெழுகினாற்போல் இருக்கும். ஓரத்தில் புடவைக் கரை மாதிரி ஒரு கறுப்புக் கரை ஓடும். மாமி பாய் போடவில்லை. அந்தத் தரையிலேயே வலப் பக்கமாகச் சாய்ந்து, கையை மடித்துத் தலைக்குக் கொடுத்து, தலைப்பை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், தூங்கிவிட்டாள். பகலில் தூங்கினால் மூதேவி வரும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். பள்ளிக்கூடத்திலும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு நானும் படுத்தேன்.

தலைக்கு மேலே சங்கு ஊதுகிற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். பதறி எழுந்து, "மாமி, மாடியிலே யாரு போயிட்டா?" என்றேன்.

மாமி படுத்தபடியே சிரித்தாள். "ஒருத்தரும் போகலை. இங்கே விளக்கேத்தறச்சே சங்கு ஊதுவா. நம்ம ஊர்லே கடைசியா ஒரு தரம் ஊதறதை இவா தினம் ஊதறா. பழகிண்டுட்டா பயமில்லை."

எதற்காக அழுதேன் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். அம்மாவை நினைத்தா, ரயில் அலுப்பா, யாரோடும் பேச முடியாத பாஷையா, ஒன்றும் பிடிபடவில்லை. தேடிப் பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

மாமியின் வாழ்க்கையில் எது நடந்தாலும் இதுதான் நடக்கும் என்பது போகப்போகத் தெரிந்தது. நடந்ததைக் கேட்டுக்கொள்வாள், தலையை ஆட்டுவாள், படுத்துக்கொள்வாள். எழுந்து முகம் கழுவி அரிசி களைவாள். பாத்திரம் தேய்க்க வரும் வங்காளத்து வேலைக்காரி அண்டாவைக் குழாயடியில் உருட்டிச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் விற்கிறவள் கூவிக்கொண்டு போவாள். மாமிக்கு ஒன்றும் கேட்காது.

தண்ணீர்ப் பால் கொண்டுவந்த பால்காரனோடு ஒருநாள் சண்டை. அவன் பீகார்க்காரன், வாய்க்குப் பஞ்சமில்லாதவன். எருமை தண்ணீர் குடித்தால் பாலில் தண்ணீர் வராதா என்று மாமியையே திருப்பிக் கேட்டான். மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "டஹரோ!" என்றாள். இரு என்று அர்த்தம். மாமிக்குத் தெரிந்த ஹிந்தி அநேகமாக அவ்வளவுதான். மிச்சத்தைத் தமிழில் சொன்னாள்: "நீ இங்கேயே இரு. நான் தூங்கி எழுந்து வந்து உன்னோட சண்டை போடறேன்." உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். மாயி எழுந்து வந்து என்ன செய்வாள் என்று அவனுக்குப் புரியவில்லை. அதனாலேயே பயந்துவிட்டான். சொம்பை வைத்துவிட்டுப் போனவன், அன்று முதல் நல்ல பால் கொடுத்தான்.

காளிகாட் பக்கத்தில் இருந்த நம்மவர் வீட்டுப் பெண்கள் மாமியைப் பற்றி நன்றாகப் பேசமாட்டார்கள். "பொழுது சாயற வரைக்கும் கட்டை மாதிரி கிடந்தா அந்த ஆத்திலே லக்ஷ்மி எப்படி தங்குவா?" என்பார்கள். மாமிக்குக் குழந்தை இல்லாததையும் அதோடு சேர்த்துக்கொள்வார்கள். தீதிக்கோ இதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. வங்காளிகள் மத்தியானம் சாதம் சாப்பிட்டதும் தூங்குவார்கள். அதற்குப் பாத்-கூம் என்றே ஒரு பேர். பாத் என்றால் சாதம், கூம் என்றால் தூக்கம். "மாயிக்கு வயிறு நிறைந்தது, தூங்குகிறாள், இதில் பேச என்ன இருக்கிறது?" என்பாள் தீதி. ஒரே தூக்கம், கீழே மூதேவியாகவும் மாடியில் திருப்தியாகவும் இருந்தது. நான் நடுவில் இருந்துகொண்டு ஒருநாள் அதை நம்புவேன், மறுநாள் இதை நம்புவேன்.

மாமா கோபக்காரர். கோபம் என்றால் பிறகு வருத்தப்படுகிற கோபம். ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு முற்றத்தில் நின்று கத்துவார். மாமி நின்று முழுக்கக் கேட்பாள். கேட்டுவிட்டு, "ஆச்சா? நான் சித்தே படுத்துக்கறேன்" என்பாள். மாமா வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தூங்குகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். என் புருஷரிடம் ஒருதரம் சொன்னாராம்: "கல்யாணமான நாளா அவ என்னோட ஒரு சண்டையையும் முடிச்சதில்லை ஓய். எல்லாம் பாதியிலே நிக்கறது." இவர் வந்து அதை வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மாமியிடமே ஒருநாள் கேட்டேன். அப்பளத்துக்கு உருண்டை உருட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏன் மாமி, உங்களுக்கு அழுகையே வராதா?"

"வராம என்ன? எப்போ அழறதுன்னுதான் தெரியலை." உருண்டையை உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். "பதிமூணு வயசிலே இங்கே வந்தேன். மாமியார் இருந்தா. வெள்ளிக்கிழமை பொண்டுகள் அழக்கூடாதும்பா. செவ்வாயும் கூடாது. விளக்கு வெச்சப்புறம் கூடாது. ஆம்படையான் வெளியிலே கிளம்பறச்சே கூடாது. இலையிலே உக்காந்துண்டு கூடவே கூடாது. நீயே சொல்லு, மிச்சம் என்ன இருக்கு? மத்தியானம் ஒண்ணுதான் இருக்கு. அழலாம்னு படுப்பேன். அதுக்குள்ளே தூக்கம் வந்துடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இது எல்லாம் என் வீட்டிலும் சொன்னதுதான். சேர்த்து வைத்து நான் பார்த்ததில்லை.

என் பெண் பிறந்தபோது பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டுக் குழந்தையோடு திரும்பினேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தை அழுதால் ஏன் அழுகிறது என்று கவலை. அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று கவலை. மூக்கினடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி பார்ப்பேன். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் படித்ததெல்லாம் ஒன்றுக்கொன்று மாறாக இருந்தது. அழவிட்டால் மார்பு பலப்படும் என்று ஓரிடத்தில். அழவிட்டால் நரம்பு கெடும் என்று ஓரிடத்தில்.

மாமி வந்து குழந்தையை வாங்கிக்கொள்வாள். காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் போட்டு ஆட்டுவாள். "அழாதே" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அப்புறம் அழலாண்டி கண்ணு, அப்புறம் அழலாம். இப்போ தூங்கு" என்பாள், ஒரே சுரத்தில், பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பிறகு குழந்தையைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு அவளும் படுப்பாள். சிவப்புத் தரையில் இரண்டு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தூங்குவார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் குழந்தையைத் தூங்கவைக்க என்னால் முடியவில்லையே என்று இருக்கும். அந்த நேரமாவது எனக்கு ஓய்வு என்றும் இருக்கும். ஆனால் நான் தூங்கவில்லை. தவழ்ந்து, நடந்து, பேசத் தொடங்கின வரைக்கும் என் பெண்ணின் மத்தியானமெல்லாம் அங்கேதான்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் இது நடந்தது.

மாமி தூங்கிக்கொண்டிருந்தாள், குழந்தையும் பக்கத்தில். மாமாவின் ஆபீஸ் பியூன் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து ஹிந்தியில் மெதுவாகச் சொன்னான். பாபுவுக்கு ஊரிலிருந்து தந்தி வந்திருக்கிறது, மாயியின் அம்மா காலமாகிவிட்டாள், பாபு பின்னாலேயே வருகிறார், குளிக்கத் தண்ணீர் வைக்கச் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் பின்கட்டுக்குப் போனேன். எழுப்பலாம் என்று குனிந்தேன். கையை நீட்டினேன். மாமியே தலைப்பை விலக்கிப் பார்த்தாள்.

"யாரு வந்தது?"

"ஆபீஸ் பியூன், மாமி."

"பியூனா? இந்த வேளையிலேயா?"

என் முகத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்க்கவில்லை.

"சொல்லாதே," என்றாள். "தூங்கி எழுந்து கேட்டுக்கறேன்."

தலைப்பை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். தூங்குவதுபோலப் பாசாங்கு செய்கிறாள் என்று நினைத்தேன். பாசாங்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நீண்டு, குழந்தையின் மூச்சோடு சேர்ந்துகொண்டது. அதை நான் என் காதால் கேட்டேன்.

நம்மில் தீட்டு என்பது சாவு நடந்த வேளையிலிருந்து வருவதில்லை, தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் காதில் விழுந்த வேளையிலிருந்துதான். காதில் விழாதவரை குளிக்க வேண்டாம், சுவாமி விளக்கைத் தொடலாம், எல்லாம் செய்யலாம். சொல்லாதே என்று அவள் சொன்னதால் நான் சொல்லவில்லை. சொல்லாததால் ஊரில் அவளுக்கு அம்மா இன்னும் இருந்தாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா வந்தார். குழாயடியில் துணியோடு உட்கார்ந்து குளித்தார். "சொல்லியாச்சா?" என்றார். இல்லை என்றேன். ஈர வேட்டியோடு வெளிப்படியில் போய் உட்கார்ந்தார். அவருக்குத் தீட்டு வந்துவிட்டதால் உள்ளே வரவில்லை, எதையும் தொடவில்லை. நடுவில் ஒருதரம், "எழுப்பேம்மா" என்றார். நான் எழுந்தேன். உடனே, "வேண்டாம், தூங்கட்டும்" என்றார். நான் உட்கார்ந்தேன். இப்படியே முற்றத்தில் வெயில் சுவரேறிப் போயிற்று. எனக்கு அப்போது துக்கமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. மாமாவின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிப் படியில் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் தீதி சங்கு ஊதினாள்.

மாமி எழுந்தாள். குழந்தையின் கால் தன்மேல் கிடந்ததை எடுத்துக் கீழே வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு, குங்குமம் வைத்துக்கொண்டு, விளக்கை எடுத்துத் திரி போட்டாள். அப்போது வாசல் பக்கம் பார்த்தாள். ஈர வேட்டியோடு மாமா படியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. விளக்கை ஏற்றி நமஸ்காரம் பண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "இப்போ சொல்லு" என்றாள்.

"உங்கம்மா, மாமி..." என்றேன். அதற்குமேல் தேவைப்படவில்லை. தலையை ஆட்டினாள். குழாயடிக்குப் போனாள்.

விஷயம் மாடிக்குப் போய், தீதி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள். பார்த்தே இராத ஒரு கிழவிக்காக முற்றத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். மாமியைக் கட்டிக்கொண்டு, "காந்தோ மா, காந்தோ" என்றாள். அழு அம்மா, அழு என்று. மாமி ஈரத்தோடு நின்றுகொண்டு தீதியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். என்னைப் பார்த்து, "பாவம், இவளை உள்ளே அழைச்சுண்டு போய்க் கொஞ்சம் தண்ணி கொடு" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "நான் தூங்கி எழுந்து அழுதுக்கறேன்" என்றாள்.

அவள் அழுததை நான் பார்க்கவில்லை. நான் பார்க்காதபோது அழுதிருக்கலாம். அப்படித்தான் வெகுநாள் சொல்லிக்கொண்டேன்.

சர்க்கார் ஆபீசுகள் டில்லிக்குப் போனபோது மாமாவின் ஆபீஸும் போயிற்று. இவருடையது இங்கேயே நின்றது. ஹௌரா ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். வண்டி வர நேரமிருந்தது. ஒரே கூட்டம், கூலிகளின் கூச்சல். என் பெண் மாமியின் விரலை விடவில்லை. பிளாட்பாரத்தில் படுக்கை மூட்டையின்மேல் மாமி சாய்ந்தாள். பிள்ளைப் பிராயத்திலிருந்து இருந்த ஊரை விட்டுப் போகிற வேளையில், அந்தக் கூச்சலில், தூங்கிவிட்டாள். பக்கத்தில் என் பெண்ணும். மாமா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். வண்டி வந்ததும் எழுந்தாள், ஏறினாள். ஜன்னல் வழியாக, "ஊறுகாய் ஜாடியைத் துணி சுத்தி வெச்சாளான்னு பாருங்கோ" என்று மாமாவிடம் சொன்னதுதான் நான் கேட்ட கடைசி வார்த்தை.

சென்ற குளிர்காலத்தில் டில்லியிலிருந்து இவருடைய சிநேகிதர் ஒருவர் லீவில் வந்தார். காபி கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று, "பின்கட்டு மாமி எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கறேள்," என்றார் அவர். "இங்கேர்ந்து ஒரு ஊறுகாய் ஜாடி கொண்டுபோயிருந்தாளாம். அது கை தவறி உடைஞ்சுடுத்து. அதுக்குப்போய் உக்காந்து அழுதிருக்கா. மாமா மொதல்லே சிரிச்சிருக்கார். சாயங்காலமாச்சு, நிக்கலை. மறுநாளும் நிக்கலை. சத்தமெல்லாம் இல்லை. அது பாட்டுக்கு வழியறது. கை பாட்டுக்குக் காரியம் நடக்கறது. என்னடின்னா, ஜாடி போயிடுத்துங்கறா."

"தூங்கறாளா?"

"அதுதானே இல்லை! படுத்தா கண்ணை முழிச்சுண்டு கிடக்கறா. தூங்கினா சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். தூக்கத்துக்கு எங்கே போறது? மாமா லீவு போட்டுட்டு விசிறிண்டு உக்காந்திருக்கார். என்னோட சண்டையாவது போடேண்டின்னு கெஞ்சறார், பாவம்."

இவர் "அடடா" என்றார். நான் உள்ளே போய் அரிசியை அளந்து முறத்தில் போட்டேன். கல் பொறுக்கினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சில வருஷங்களாகவே அப்படித்தான். தூக்கமில்லாமல் இருப்பதால் மனம் ரொம்ப நொந்துபோகும் என்று நினைத்திருந்தேன். அப்படியும் இல்லை. அடுப்பில் விரல் சுட்டால்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிகிறது. மாமி தூங்கித் தூங்கி வந்து சேர்ந்த இடத்துக்கு நான் விழித்து விழித்து வந்துகொண்டிருக்கிறேனோ என்று அன்றைக்குத் தோன்றியது. அதையும் முறத்தோடு எடுத்து வைத்துவிட்டேன்.

எடுத்துவைத்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்ததா? தூக்கம் முதலில் போய், அதனால் அழுகை வந்ததா? டில்லிக் குளிராக இருக்குமா? எல்லாம் யோசித்தேன். மாமி இங்கே இருந்தபோது திடமாகத்தான் இருந்தாள். ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. அவளைப்போல நாமும் இருக்கக் கூடாதா என்றுதான் நான் ஏங்கினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என் பெண் விஷயத்துக்கு வருகிறேன்.

பாத்திரம் தேய்க்க வந்தவளை என் பெண் மாஷி என்பாள். வங்காளத்தில் சித்தி. மாமி போன பிறகு குழந்தைக்கு மாஷிதான் எல்லாம். போன மாதம் மாஷி கிராமத்துக்கே போய்விடுவது என்று ஆயிற்று, அவள் மகன் வரச் சொல்லிவிட்டான். வங்காளத்திலும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், நம்மைப்போல வருகிறேன் என்பார்கள். வாசலில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு, "ஆஷி மா, ஆஷி" என்று தேம்பித் தேம்பி அழுதாள். என் பெண் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். உள்ளே வந்தாள். சிவப்புத் தரையில் வலப் பக்கமாகச் சாய்ந்து, கையை மடித்துத் தலைக்குக் கொடுத்து, பாவாடையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மாஷி போறாடி, ஒருதரம் வந்து பாரேன்" என்றேன்.

"அப்புறம் அழறேம்மா," என்றாள். "இப்போ கூம் வரது."

மாமியை அவளுக்கு ஞாபகமே இல்லை. கேட்டுப் பார்த்தேன். எந்த மாமி என்கிறாள்.

அதன் பிறகு கவனித்துக்கொண்டே வருகிறேன். இவர் ஒரு வார்த்தை கடிந்தால் போய்ப் படுத்துக்கொள்கிறாள். மாடியில் குழந்தைகள் சேர்த்துக்கொள்ளாவிட்டால் இறங்கி வந்து படுத்துக்கொள்கிறாள். எழுந்து பால் கேட்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். கன்னம் மினுமினுவென்று இருக்கிறது. "இவ்வளவு சமர்த்துக் குழந்தை உண்டா! ஒரு பிடிவாதம் உண்டா, அழுகை உண்டா!" என்று காளிகாட் பெண்கள் என்னையே மெச்சுகிறார்கள். பகலில் தூங்குகிறாளே என்று யாரும் கேட்கவில்லை. குழந்தைதானே.

நேற்றும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவர்கள் வீட்டுப் பெண் இவள் மண்பொம்மையைப் போட்டு உடைத்துவிட்டு, உடைத்தவளே அழுதுகொண்டிருந்தாள். இவள் பேசாமல் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுப்பலாமா வேண்டாமா என்று வெயில் சுவரேறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு, சங்கு ஊதுவதற்கு முன்பே, தோளைத் தொட்டு எழுப்பிவிட்டேன். மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பொம்மை போயிடுத்தேடி," என்றேன். "அழணும்போல இருந்தா அழு கண்ணா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தூக்கம் கலையாத கண்ணோடு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா," என்றாள்.

நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எப்போது என்று நினைவில்லை. மாடியில் சங்கு ஊதிற்று. அவள் இறங்கிப் போய் விளக்குக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள், நான் வந்து ஏற்றுவதற்காக.

இதைப் படிக்கும் தாய்மார்களில் இப்படிப்பட்ட குழந்தையை வளர்த்தவர்கள் இருக்கலாம். வளர்ந்தபின் அவள் எப்படி இருந்தாள் என்று தெரிந்தவர்களும் இருக்கலாம். கஷாயமும் தாயத்தும் பார்த்தாயிற்று, அவை வேண்டாம். தூங்குகிறவளை எழுப்பலாமா, கூடாதா என்று மட்டும் எழுதுங்கள். எழுப்பலாம் என்றால், எழுந்து என் முகத்தைப் பார்க்கிறவளுக்கு எந்தக் கிழமையில், எந்த வேளையில் அழச் சொல்லிக் கொடுப்பது என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.